உடல் நாள் எண்ணுகிறதா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், வெளியுலகத்தின் நேரம் உள்ளே எட்டாதபடி ஒரு தங்கும் அறையைக் கட்டி வைத்திருந்தார்கள். சன்னல் இல்லை. கடிகாரம், வானொலி, செய்தித்தாள் எதற்கும் அனுமதி இல்லை. ஆய்வுக்கு முன்வந்தவர்கள் அதில் நாள் கணக்கில், வாரக் கணக்கில் தனியாக இருப்பார்கள். பசித்தால் சாப்பிடலாம், தூக்கம் வந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாம். வெளியே இருப்பது விடியலா நள்ளிரவா என்பது மட்டும் தெரியாது.

இதற்குப் பின்னால் இருந்தவர் எம். கே. சந்திரசேகரன், இந்தியாவில் உயிர்க்காலவியல் என்ற துறையை ஊன்றியவர். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் பழ ஈக்களின் உள்கடிகாரத்தை ஆராய்ந்துவிட்டு மதுரைக்கு வந்தவர், இங்கே வௌவால்களில் தொடங்கினார். மதுரைப் பக்கத்துக் குகையொன்றில், சூரிய ஒளியே புகாத ஆழத்தில், கூண்டில் வைத்த ஒரு வௌவால் எப்படி நேரம் அறிகிறது என்பது கேள்வி. குகையின் மற்ற வௌவால்கள் மாலையில் இரைதேடக் கிளம்பி விடியலில் திரும்பிக்கொண்டிருந்தவரை, கூண்டுக்குள் இருந்ததும் அதே வேளையில் விழித்து அதே வேளையில் அடங்கியது. கூட்டத்திலிருந்து பிரித்ததும் அதன் பொழுது மெல்ல விலகிச் சென்றது. சூரியனைக் காணாத உயிர், சுற்றத்தாரைக் கொண்டு தன் பொழுதைத் திருத்திக்கொள்கிறது. 1978-இலும் 1981-இலும் ஜெர்மன் ஆய்விதழ்களில் வந்த இந்த முடிவு, துறையில் இன்றும் பேசப்படுவது.

அதே குழு மனிதர்களிடம் வந்தபோது எழுப்பிய ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நேரம் தெரியாத அறையில் இருக்கும் மனிதரின் ‘நாள்’ 24 மணி நேரத்தில் நிற்பதில்லை, நீண்டுவிடுகிறது. அப்படி நாள் நீண்டால், ஒரு பெண்ணின் மாதவிலக்கும் தள்ளிப்போகுமா? உடல் 28 விடியல்களை எண்ணித்தான் மாதத்தை முடிக்கிறது என்றால், விடியல்கள் தாமதமாகும்போது மாதமும் தாமதமாகத்தானே வேண்டும்?

விடைக்கு முன் நாளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

உயிர்கள் இரவு பகலுக்கு வெறுமனே எதிர்வினை காட்டவில்லை, பொழுதை உள்ளேயே வைத்திருக்கின்றன என்ற சந்தேகத்தை 1729-இல் எழுப்பியவர் பிரெஞ்சு வானியலாளர் தெ மெரான். தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்தார். வெளிச்சமே இல்லாதபோதும் அது பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது. மனிதர்களிடம் இதைப் பார்க்க 20-ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1962 ஜூலையில் பிரெஞ்சு நிலவியலாளர் மிஷேல் சிஃப்ர் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஒரு குகைக்குள் இறங்கினார். செப்டம்பர் 14 அன்று அவரை மேலே வரச் சொன்னபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒரு மாதம் தொலைந்திருந்தது. ஆனால் அவர் உடல் தொலைக்கவில்லை. அவர் தூங்கி விழித்த சுற்று 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, ஒழுங்காகவே ஓடியிருந்தது.

அதே பத்தாண்டில் மியூனிக் நகருக்கு அருகே ஆண்டெக்ஸ் என்ற ஊரில் யூர்கன் ஆஷாஃப், ரூட்கர் வேவர் இருவரும் நிலத்தடி அறைகளில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களை ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த சராசரி ‘மனித நாள்’ சுமார் 25 மணி நேரம். பல ஆண்டுகள் பாடநூல்களில் இருந்த அந்த எண்ணில் ஒரு பிழை உண்டு. அறையிலிருந்தவர்கள் தாங்களே விளக்கை ஏற்றி அணைத்தார்கள், அந்த வெளிச்சமே கடிகாரத்தைத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தது. 1999-இல் ஹார்வர்டைச் சேர்ந்த சார்ல்ஸ் சைஸ்லர் குழு மங்கலான ஒளியில், உடல் பின்பற்றவே முடியாத 28 மணி நேர நாளில் ஆட்களை வைத்து அளந்தது. உள்கடிகாரத்தின் உண்மையான சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம். பெண்களில் அது ஆண்களைவிட ஐந்தாறு நிமிடம் குறைவு என்று பின்னர் தெரிந்தது.

இந்தக் கடிகாரத்துக்கு இடம் உண்டு. இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸில், சுமார் 20,000 நரம்பு செல்களாலான ஒரு சிறு இணை: சூப்ரா கயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ். இதுதான் கடிகாரம் என்பதற்கு 1990-இல் வந்த சான்றைவிட அழகானதை நான் படித்ததில்லை. 20 மணி நேர நாளைத் தரும் ஒரு மரபு மாற்றம் வெள்ளெலி இனமொன்றில் உண்டு. சாதாரண வெள்ளெலியில் இந்தச் செல்களை அழித்ததும் அதன் பொழுதுகள் குலைந்தன. பிறகு 20 மணி நேர இனத்தின் செல்களை அங்கே வைத்ததும், வாங்கிக்கொண்ட எலி 20 மணி நேர நாளை வாழத் தொடங்கியது. திசுவோடு நாளும் இடம் மாறியது.

செல்லுக்குள் இது எப்படி ஓடுகிறது என்பது 1971-இல் ரொனால்ட் கொனொப்கா, சீமோர் பென்சர் இருவரும் பழ ஈயில் கண்டுபிடித்த மரபணுவில் தொடங்கி, 2017-இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவரின் நோபல் பரிசில் முடிந்த தனிக் கதை. சுருக்கம் இதுதான்: ஒரு மரபணு புரதத்தைச் செய்கிறது, சேர்ந்த புரதம் திரும்பி வந்து அதே மரபணுவை அடக்குகிறது, புரதம் சிதைந்ததும் மரபணு மறுபடி விழிக்கிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது.

தூக்கம் இந்தக் கடிகாரத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதல்ல. 1982-இல் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெய் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்துக்கான அழுத்தம் ஏறுகிறது. மூளையில் சேரும் அடினோசின் அதில் ஒரு பங்கு, காபி தடுப்பது அதைத்தான். இன்னொரு பக்கம் கடிகாரம், பகலில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது, இரவில் கைவிடுகிறது. இரவுப் பணி முடித்துக் காலை ஏழு மணிக்கு வீடு வருகிறவருக்குக் களைப்பு உச்சத்தில் இருந்தும் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிலைக்காததன் காரணம் இது. அழுத்தம் தூங்கச் சொல்கிறது, கடிகாரம் எழுப்புகிறது. வீட்டில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொண்டு திரைச்சீலையை இழுத்து மூடி, அழைப்பு மணியை நிறுத்தி வைத்தால் அது பெரிய உதவி.

தூக்கத்துக்குள்ளும் ஒரு சுற்று உண்டு. சிகாகோவில் யூஜீன் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் இருவரும் 1953-இல், மூடிய இமைக்குள் விழிகள் விரைந்தோடும் தூக்கத்தைக் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஆழ்ந்த தூக்கத்திலிருந்து இந்தக் கனவுத் தூக்கத்துக்கு ஏறி மறுபடி இறங்குகிறோம். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பிவிடும்போது குறைவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பங்கு. பதின்பருவத்தில் கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகும், பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

இனி மாதம்.

நாளுக்கும் இனப்பெருக்கச் சுழற்சிக்கும் இறுக்கமான முடிச்சு இருக்கலாம் என்று எண்ணக் காரணம் இருந்தது. 1950-இல் ஜான் எவரெட், சார்ல்ஸ் சாயர் இருவரும் பெண் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை சினைமுட்டை வெளிப்படும். அதற்கான கட்டளை மூளையிலிருந்து கிளம்புவது குறிப்பிட்ட நாளின் பிற்பகலில். அன்று இரண்டு மணிக்கு முன் மயக்கமருந்து கொடுத்தால் அந்த இரவு முட்டை வெளிவராது. சரி, மருந்து தெளிந்ததும் வந்துவிடுமா? வராது. மறுநாள் அதே பிற்பகல்வரை காத்திருந்து, சரியாக 24 மணி நேரம் தள்ளி வரும். எலியின் மூளை அந்தக் கதவை நாளுக்கு ஒருமுறைதான் திறக்கிறது. 1976-இல் வெள்ளெலிகளில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மாறாத மங்கல் ஒளியில் வைத்தபோது அவற்றின் நாள் 24 மணி நேரத்தை விட்டு விலகியது. சினைச்சுழற்சியும் கூடவே விலகி, அந்தப் புதிய நாளின் நான்கு மடங்காகவே நின்றது. வெள்ளெலி உண்மையிலேயே நாள் எண்ணுகிறது.

மனிதப் பெண்? சந்திரசேகரன் குழு 1991-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே விடை இருந்தது. சமூகத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் விலக்கி வைக்கப்பட்ட பெண்ணொருவரின் மாதச் சுழற்சி, தூக்க விழிப்புச் சுழற்சியோடு பிணைந்திருக்கவில்லை. அவருடைய நாள் தன் போக்கில் போயிற்று. மாதம் அதைப் பின்தொடரவில்லை.

ஒரே ஒரு பெண் என்பதை மறக்கக் கூடாது. 1989-இல் இத்தாலியின் ஸ்டெஃபானியா ஃபோலினி அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்துக் குகையறை ஒன்றில் சுமார் 130 நாள் தனித்திருந்தார். அவருக்கு மாதவிலக்கு நின்றே போயிற்று. ஆனால் அவர் உடல் எடையும் கணிசமாகக் குறைந்திருந்தது, எடை இழப்பு மட்டுமே விலக்கை நிறுத்தப் போதுமானது. ஆகவே குகை வாழ்க்கையை வைத்து மட்டும் இந்தக் கேள்வியைத் தீர்த்துவிட முடியாது. மதுரைக் கட்டுரையை நான் நம்புவதற்கு முதன்மையான காரணம் வேறு இடத்திலிருந்து, பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் என்பவர் குரங்குகளிடம் செய்த வேலையிலிருந்து வருகிறது.

மாதச் சுழற்சியின் மேல்மட்டக் கட்டளை ஹைப்போதலாமஸிலிருந்து வரும் ஜி.என்.ஆர்.ஹெச். என்ற சிறு ஹார்மோன். அது ஏறக்குறைய மணிக்கொரு முறை துடிப்பாக வெளிப்பட்டு, பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களைச் சினைப்பைக்கு அனுப்பும். நோபில், மனிதரைப் போலவே மாதச் சுழற்சி கொண்ட ரீசஸ் குரங்குகளில் அந்த மூளைப் பகுதியை அழித்துவிட்டு, ஒரு பம்ப் மூலம் மணிக்கு ஒருமுறை அந்த ஹார்மோனைச் செலுத்தினார். அந்தப் பம்ப்புக்கு நாளும் தெரியாது, மாதமும் தெரியாது. மணிக்கொரு துடிப்பு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே குரங்குகளுக்கு முட்டை வெளிப்பட்டது, 28 நாள் அளவிலான சுழற்சி முழுமையாகத் திரும்பியது. இடைவிடாமல் செலுத்தியபோதோ எல்லாம் அடங்கிப்போயிற்று. இந்த இரண்டாவது கண்டுபிடிப்பு இன்று குழந்தையின்மை சிகிச்சையிலும் எண்டோமெட்ரியோசிஸ் சிகிச்சையிலும் ஊசி மருந்தாகப் பயன்படுகிறது.

மூளை மாதத்தை எண்ணவில்லை என்றால் மாதம் எங்கிருந்து வருகிறது? சினைப்பையிலிருந்து. அங்கே ஒரு முட்டையைச் சுற்றி, ஸ்கேன் அறையில் ஃபாலிக்கிள் என்று சொல்லப்படும் நீர்ப்பை வளர்கிறது. வளர வளர ஈஸ்ட்ரோஜனைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஈஸ்ட்ரோஜன் ஓர் அளவைத் தாண்டி இரண்டு நாள் போல நிலைத்தால், அதுவரை அடக்கி வைத்திருந்த பிட்யூட்டரியை அதுவே தூண்டிவிடுகிறது. எல்.ஹெச். பொங்கி எழுகிறது. சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவருகிறது. வெடித்த நீர்ப்பை கார்ப்பஸ் லூட்டியமாக மாறிப் புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது. கரு தங்கவில்லை என்றால் இரண்டு வாரத்துக்குள் அது சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரான் விழுந்ததும் கருப்பையின் உட்படலம் உதிர்கிறது.

இதில் எங்கும் கடிகாரம் இல்லை. வயலில் இன்றைய நெல் ரகங்கள் பலவும் எந்தத் தேதி என்று பார்த்துக் கதிர் விடுவதில்லை, வளர்ந்து முடிக்கத் தேவையான காலம் ஆனதும் விடுகின்றன. தண்ணீரும் வெயிலும் எருவும் அந்தக் காலத்தைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். ஃபாலிக்கிளும் அப்படித்தான். உடல் எடை, காய்ச்சல், கவலை, கடும் பயிற்சி, தைராய்டு எல்லாம் அதன் வளர்ச்சியைத் தொடும். விலக்கு தள்ளிப்போகும்போது பெரும்பாலும் நீள்வது முட்டை வெளிவருவதற்கு முந்தைய இந்தப் பாதிதான். பிந்தைய பாதி அவ்வளவாக மாறுவதில்லை.

ஆகவே 28 என்ற எண்ணை ஒரு விதி போலப் பெண்கள்மேல் சுமத்துவதற்கு அடிப்படை இல்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, கைப்பேசிச் செயலியில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளைக் கணக்கிட்டது. சராசரி 29.3 நாள். அதில் முதல் பாதி 16.9, இரண்டாம் பாதி 12.4. மிகச் சரியாக 28 நாளில் முடிந்தவை 13 விழுக்காடு மட்டுமே. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரையிலான இடைவெளி இயல்பென்றே மருத்துவர்கள் கொள்கிறார்கள். வளர்ந்த பெண்களில் 24 முதல் 38 வரை. 33 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வரும் ஒரு பெண்ணை, ‘தள்ளித் தள்ளி வருகிறது’ என்று சொல்லி ஊர் ஊராகக் கூட்டிப்போக வேண்டியதில்லை. மாறாக, மூன்று மாதமாக வராமலே இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நிலவின் சுற்று 29.53 நாள் என்பதால் அதையும் மாதவிலக்கையும் முடிச்சுப் போடும் ஆசை உலகெங்கும் உண்டு. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, பல ஆண்டுகள் குறிப்பெடுத்த 22 பெண்களில் சிலருக்கு அவ்வப்போது நிலவோடு ஒத்துப்போன காலங்கள் இருந்ததாகச் சொல்கிறது. அதற்கு மேல் போக எனக்குத் துணிவில்லை. சேர்ந்து வாழும் பெண்களுக்கு விலக்கு ஒரே சமயத்தில் வரும் என்ற நம்பிக்கைக்கு 1971-இல் மார்த்தா மெக்ளின்டாக் வெலஸ்லி கல்லூரி விடுதியின் 135 மாணவியரை வைத்து எழுதிய கட்டுரை அறிவியல் ஆதரவு தந்தது. பின்னால் சீன மாணவியர் 186 பேரை ஓராண்டுக்கும் மேல் கவனித்த ஆய்வு அதை மறுத்தது. வெவ்வேறு நீளமுள்ள சுழற்சிகள் அவ்வப்போது தாமாகவே மோதிக்கொள்ளும், மனம் அந்த நாள்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் நாளும் மாதமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லையா? தொடுகின்றன. மனிதப் பெண்ணின் எல்.ஹெச். எழுச்சி பெரும்பாலும் நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில் தொடங்குகிறது. எலியின் கதவு போன்ற கண்டிப்பு இல்லை, ஆனால் அதன் எச்சம் இருக்கிறது. நாளை எண்ணாத உடல், வேளையை ஓரளவு பார்க்கிறது. எதிர்த் திசையிலும் தொடர்பு உண்டு. முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரான் உடல் வெப்பத்தைச் சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் உயர்த்துகிறது. தூக்கம் நன்றாக வர இரவில் உடல் குளிர வேண்டும், இந்த நாள்களில் அந்த இறக்கம் குறைகிறது. விலக்குக்கு முந்தைய வாரத்தில் தூக்கம் கெடுகிறது என்று பெண்கள் சொல்வதற்கு இப்படி ஓர் உடல் காரணம் இருக்கிறது. அதை மனப்பிரமை என்று தள்ளக் கூடாது.

இரவுப் பணி பார்க்கும் செவிலியரிடம் சுழற்சி ஒழுங்கு குலைவது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் சுழற்பணியை 2007-இலேயே புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நூற்பாலைகளிலும் மருத்துவமனைகளிலும் கணினி நிறுவனங்களிலும் பெண்கள் இரவில் வேலை பார்க்கும் ஒரு மாநிலத்தில், ஷிப்ட் அட்டவணை போடுகிறவர் மேசையில் இந்த விவரம் இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு ஒரு திசையில் மாற்றுவதைவிட, காலைப் பணியிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து இரவுக்கும் முன்னோக்கி நகர்த்துவது உடலுக்கு எளிது. 24 மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும் கடிகாரத்துக்குத் தாமதமாவது சுலபம், முந்துவது கடினம்.

நடைமுறையில் மிக அதிகம் உதவக்கூடிய ஒன்று, ஜப்பானிய மருத்துவர் ஓகினோ க்யூசாகு 1920-களில் கண்டது. முட்டை வெளிவரும் நாளை, முடிந்த விலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், அடுத்த விலக்கிலிருந்து பின்னோக்கி, ஏறக்குறைய இரண்டு வாரம் எண்ண வேண்டும் என்றார் அவர். ஏன் என்பது மேலே சொன்னதிலேயே இருக்கிறது: நிலையாக இருப்பது பின்பாதி. ஆனால் கர்ப்பிணியின் அட்டையில் பிரசவத் தேதியைக் குறிக்கும் முறை, ஜெர்மானிய மருத்துவர் நேகெலேயின் பெயரில் வழங்குவது, கடைசி விலக்கின் முதல் நாளோடு 280 நாளைக் கூட்டுகிறது. 14-ஆம் நாளில் முட்டை வெளிவந்தது என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. 35 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு அது ஏறக்குறைய 21-ஆம் நாள், எனவே அட்டையில் உள்ள தேதி ஒரு வாரம் முந்தியது. ‘நாள் கடந்துவிட்டது’ என்று வலி வர மருந்து ஏற்றும் முடிவு வரை அந்த ஒரு வாரம் போகக்கூடும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன், கருவின் நீளத்தை அளந்து இந்தத் தேதியைத் திருத்திவிடும். அதற்கும் முன்பே, ‘கடைசி விலக்கு எப்போது?’ என்று செவிலியர் கேட்கும்போது, தேதியோடு ‘எனக்கு வழக்கமாக 35 நாளுக்கு ஒருமுறை’ என்பதையும் சேர்த்துச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.